டீலர் டூர்

ஆடி பிறந்துவிட்டால், கம்பெனிகளுக்காக டீலர் டூர் நடத்துகிற எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஊரில் புதுவீட்டுக்கு வாசக்கால் வைக்க மாட்டார்கள், கிரகப்பிரவேசம் இல்லை, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சிமெண்ட், கம்பி, பெயின்ட், டைல்ஸ் விற்கிறவர்கள் கடையைத் தம்பியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ விட்டுவிட்டு நாலைந்து நாள் நகர முடிகிற மாதம் வருஷத்தில் அது ஒன்றுதான். மார்ச் 31-ஆம் தேதி இரவுவரை பில் போட்டு முடித்து, யார் எத்தனை டன் எடுத்தார்கள், யார் பணம் கட்டினார்கள், யாருடைய செக் திரும்பியது என்று கம்பெனிக்காரர்கள் கூட்டிக் கழித்துப் பார்க்க இரண்டு மாதம் ஆகும். ஜூனில் பட்டியல் எங்கள் கைக்கு வரும். கூடவே ஒரு போன்: “120 பேர். பாங்காக், பட்டாயா. நாலு ராத்திரி. நல்ல கொட்டேஷனா ஒண்ணு அனுப்புங்க. ஆனா எல்லாரும் காலத்துக்கும் பேசணும்.”

காலத்துக்கும் பேசவைப்பதற்கு அந்தக் கொட்டேஷனில் தனி வரி கிடையாது. விமான டிக்கெட், ஹோட்டல், பஸ், சாப்பாடு, ஒருநாள் ராத்திரி மேடை, விளக்கு, விருது இவற்றுக்குத்தான் விலை போட முடியும். சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் மண்டையை உடைத்துக்கொள்வது விலை போட முடியாத அந்த வரிக்காகத்தான்.

நன்றாக விற்பவனை ஊர் சுற்றக் கூட்டிப்போவது நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி, கல்லாப்பெட்டி எந்திரங்களை அதிகம் விற்றவர்களைத் தன் செலவில் நியூயார்க்குக்கு அழைத்துப்போனதுதான் தொடக்கம் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். இன்றைக்கும் கணக்கு அதேதான். பணமாகக் கொடுத்தால் அது கிரெடிட் நோட்டாக ஏறி அடுத்த லோடில் கரைந்துவிடும். வாங்கினவருக்கே நினைவிருக்காது. வெளிநாடு போய் வந்தால் எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், கடைக்கு வந்து போகிற கொத்தனார் அத்தனை பேருக்கும் தெரியும்.

பட்டியல் வந்ததும் முதல் வேலை பாஸ்போர்ட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டுவது. காலாவதிக்கு ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். நம் பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டே வாழ்ந்துவிடுகிற ஊர் இது. குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகவே இருக்கும். விமானக் கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குக் காலிக் கட்டம் ஆகாது. 2022 நவம்பரில் ஒரு துபாய் குரூப்பைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அமீரகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கள் பட்டியலில் பாதிப்பேர் ஒற்றைப் பெயர்க்காரர்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வருகிறவரைக்கும் அலுவலகத்தில் யாரும் உட்காரவில்லை. “எங்கய்யா செத்துப் பதினாலு வருசமாச்சு. கடைசிப் பக்கத்துல இருந்து காப்பாத்திட்டாரு பாத்தியளா” என்றார் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர்.

பத்தாவது முடிக்காதவர்களுக்கு, சில நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி கேட்கிற ஈசிஆர் பாஸ்போர்ட். கூலி வேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக அரசாங்கம் வைத்த ஏற்பாடு. சுற்றுலா போகிறவர்களை அது தடுக்காது. ஆனாலும் கவுண்டரில் கேள்வி வரும். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்த ஒருவரிடம் “என்ன வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டார் அதிகாரி. தன் கடையில் பதினெட்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். பதிலே சொல்லாமல் நின்றார். அதற்கப்புறம் ஈசிஆர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கம்பெனி லெட்டர், திரும்பும் டிக்கெட், ஹோட்டல் சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டு, வரிசையில் நிற்கும்போதே கையில் கொடுத்துவிடுவேன். கேட்டால் வாய் திறக்க வேண்டாம், கவரை நீட்டினால் போதும். இதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். ஒரு ஆளுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் மனசு சுருங்கிப்போனால் அப்புறம் எந்த நட்சத்திர ஹோட்டலாலும் அதை நிமிர்த்த முடியாது.

நான் வேலையில் சேர்ந்தபோது பாங்காக் குரூப்புகளுக்குப் பெண்களை டூர் மேனேஜராக அனுப்ப மாட்டார்கள். காரணத்தை யாரும் சொன்னதில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. ஆண்கள் மட்டும் போகிற பட்டாயா அது. வீட்டில் சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு என்றும், திரும்பும்போது பாங்காக் விமான நிலையத்தில் சிங்கப்பூர் சிங்கம் போட்ட சாவிக்கொத்து கிடைக்குமா என்று தேடினார்கள் என்றும் கூட வேலைபார்த்த அண்ணன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த டூர்களைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பேச முடியாத ஒன்றுக்குக் கம்பெனி ஏன் செலவு செய்யவேண்டும் என்று ஒரு சிமெண்ட் கம்பெனியின் விற்பனைத் தலைவருக்குத் தோன்றியது. 120 டீலர்களுக்குப் பதில் 60 தம்பதிகள் என்று ஒரு வருஷம் திட்டத்தையே மாற்றினார். அதற்கு டன் அளவை ஏற்றவேண்டி வந்தது. மாவட்ட ஆபீசர்கள் குதிகுதியென்று குதித்தார்கள். “பொம்பளைங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு எவன் சார் எக்ஸ்ட்ரா சரக்கு எடுப்பான்?” என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். அந்த குரூப்புக்குத்தான் என்னைப் போட்டார்கள்.

போடுகிறபோதே ஒரு சண்டை வந்தது. நாங்கள் பிடிக்கிற விமானம் நள்ளிரவு தாண்டிச் சென்னையில் கிளம்பும். மூன்றரை மணி நேரப் பயணம், அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தி. விடிகிற நேரத்தில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குவார்கள். ஹோட்டல் அறையோ பகல் 2 மணிக்குத்தான். நடுவில் இருக்கிற நேரத்தை ரொப்ப வழக்கமான புரோகிராமில் ஒரு மிருகக்காட்சிச் சாலை இருக்கும், இல்லையென்றால் நகைக்கடை இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் அதற்கு முந்தின ராத்திரியே ரயிலில் தூங்கியும் தூங்காமலும் சென்னை வந்து, பகல் முழுக்க உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்து, விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் நின்று வந்தவர். பல் தேய்க்காமல் அவரைப் புலி பார்க்கக் கூட்டிப்போனால் புலிக்கும் நல்லதில்லை.

முந்தின ராத்திரிக்கும் சேர்த்து 60 அறைகளை எடுத்துவிடலாம், காலை 8 மணிக்கு எல்லாரும் குளித்துப் படுக்கட்டும் என்றேன். அதற்குப் பணம் வேண்டும். விருது விழாவில் வாணவேடிக்கையையும் வெளிநாட்டு நடனக் குழுவையும் அடித்துவிட்டால் கணக்கு சரியாக வரும். மார்க்கெட்டிங் மேனேஜர் ஒப்புக்கொள்ளவே இல்லை. “மேடைதான மேடம் போட்டோல வரும்? படுக்கையா வரும்?” நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் பாதிச் செலவு போட்டோவில் வருகிறதுக்காகத்தான் நடக்கிறது. விற்பனைத் தலைவர் என் பக்கம் சாய்ந்ததால் பிழைத்தேன். போய் இறங்கிய அன்றைக்கு மதியம் ஒவ்வொரு ஜோடியாகப் புதுத்துணி உடுத்தி, தலையில் பூவோடு, லிஃப்டிலிருந்து இறங்கி வந்த அழகுக்கு எந்த வாணவேடிக்கையும் ஈடில்லை. மல்லிகையைச் சென்னையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். அதை நான் திட்டத்தில் யோசித்திருக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். பட்டாயாவில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே இந்தியா என்றால் பனீர் பட்டர் மசாலா, மஞ்சள் தால், ஜீரா ரைஸ். முதல் வேளை ரசித்துச் சாப்பிடுவார்கள், இரண்டாவது வேளை பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாவது வேளை “ரசம் கெடையாதா?” என்று ஒரு குரல் எழும். குரல் ஒன்றுதான், பின்னால் நூறு பேர் இருப்பார்கள். சென்னையிலிருந்து ஒரு சமையல்காரரைக் கூடவே கூட்டிப்போய், அங்குள்ள இந்திய உணவகத்தின் அடுப்படியை விடிகாலை நாலு மணியிலிருந்து வாடகைக்குப் பிடித்தோம். ரசப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு பெரிய காபி ஃபில்டர் எல்லாம் எங்கள் பெட்டியில் வந்தன. யார் செவ்வாய், வெள்ளி அசைவம் தொடமாட்டார், சவுகார்பேட்டை ஜெயின் ஜோடிகளில் யார் கிழங்கு வகை சேர்க்க மாட்டார் என்று ஒரு பட்டியல் என் கைப்பையிலேயே இருக்கும். வெளிநாடு வந்தும் ரசமா என்று கேலி பேசுகிற இளைய மேனேஜர்கள் உண்டு. ஊர் மாறினால் வயிறு மாறிவிடுமா என்ன?

கோ லான் தீவுக்குப் போகிற நாள் வந்தது. பட்டாயா கரையிலிருந்து ஸ்பீட் போட்டில் ஏறவே முட்டளவு தண்ணீரில் இறங்கவேண்டும். சேலை சரிப்படாது, ஒரு சுடிதார் எடுத்து வையுங்கள் என்று ஒரு மாதம் முன்பே வீடு வீடாக நானே போன் செய்து சொல்லியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து சேலை தவிர வேறு உடுத்தாதவர்கள் அவர்களில் பாதிக்கு மேல். அந்தப் போன்களில் வந்த பதில்களே தனி ரகம். “எங்க மாமியாரு கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம்” என்று போனைக் கைமாற்றிவிட்டார் ஒருவர். மாமியார் என் ஊர், அப்பா பெயர் எல்லாம் விசாரித்துவிட்டு “சரி, துப்பட்டாவ ஊக்கு குத்திப் போடச் சொல்லுங்க” என்று அனுமதி கொடுத்தார்.

தீவுக்குப் போகும் வழியில், நடுக்கடலில் மிதக்கிற மேடை ஒன்றில் நிறுத்துவார்கள். அங்கேதான் பாராசெயிலிங். இடுப்பிலும் தொடையிலும் வார் மாட்டி, முதுகுப்பக்கம் குடையைக் கட்டி, முன்னால் நிற்கிற படகு இழுத்ததும் நாலடி ஓடினால் கால் மேடையை விட்டு எழும்பிவிடும். அண்ணாச்சிமார் வரிசையில் நின்று மேலே போனவர்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, முதுகுவலி, சுகர், பிரஷர் என்று ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். அப்போது உடன்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். அதுவரை பஸ்ஸில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

“நான் போறேன்.”

“ஏ, சும்மா இரி. விழுந்து கிழுந்து வைக்காத” என்றார் அவர் வீட்டுக்காரர்.

“எங்கப்பா ஒரு நாளைக்கு அம்பது பனை ஏறி எறங்குன ஆளு. எனக்கென்ன பயம்?”

வார் மாட்டுகிற தாய்லாந்துப் பையன் துப்பட்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அதை உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன். படகு உறுமியது. அக்கா ஓடவில்லை, நடந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே காற்று தூக்கிக்கொண்டது. ஒரு சுற்று முடித்து மேடையில் இறங்கியபோது முடி அவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். “மேல போனா சத்தமே இல்ல யம்மா. எங்கப்பாவுக்கு இப்படித்தான இருந்திருக்கும்” என்றார். மேடம் என்பது அன்றோடு போயிற்று. மிச்ச நாள் முழுக்க அந்தப் பஸ்ஸுக்கு நான் யம்மாதான். அக்காவுக்குப் பின்னால் பெண்கள் வரிசை கட்டினார்கள். வெட்கத்துக்குப் பயந்து ஆண்களும் சிலர் பறந்தார்கள்.

பாங்காக் திரும்பிய நாள் வெள்ளிக்கிழமை. புரோகிராமில் காலை நகைக்கடை. அதை அங்குள்ள ஏஜென்ட்டுகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைக்காரர் கொடுக்கிற கமிஷன் இருப்பதால்தான் பஸ் வாடகையைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கோயில் பார்க்காமலா என்று பெண்கள் கேட்டபோது, நகைக்கடையில் இருபது நிமிஷம் தலையைக் காட்டிவிட்டு சிலோம் சாலைக்கு வண்டியை விடச் சொன்னேன். ஏஜென்ட் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

சிலோம் சாலையில் ஒரு தெருமுனையில் நிற்கிறது மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் பாங்காக்கில் குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தாய்லாந்துக்காரர்கள் அதை வாட் கேக் என்பார்கள். மூலையில் கோபுரத்தைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோனது. உள்ளே போனால் கூட்டத்தில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள். ஆபீஸ் உடையில் இளம்பெண்கள் தேங்காயும் வாழைப்பழமும் மாலையும் வைத்த தட்டை ஏந்தி, முட்டி போட்டுக் கண்ணை மூடி நிற்கிறார்கள். நம்மவர்கள் தங்கள் வீட்டுச் சாமியை இன்னொரு வீட்டில் கண்டதுபோலக் கொஞ்ச நேரம் விழித்தார்கள். ஒரு பெரியவர் “நம்ம ஆத்தா இவுகளுக்கும் கேக்குதாளே” என்றார். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. செல்போன்கள் பையிலேயே கிடந்தன. மொத்தப் பயணத்தில் யாரும் யாரையும் படம் பிடிக்காத ஒரு மணி நேரம் அதுதான்.

அன்று மாலை பழைய நகரத்தின் ராட்சத ஊஞ்சல் பக்கமாக வந்தோம். சிவப்பு மரத்தூண்கள் மட்டும் நிற்கும். ஊஞ்சல் ஆடுவது 1935-லேயே நின்றுவிட்டது. அந்த ஊஞ்சல் திருவிழாவோடு சேர்ந்த அரண்மனைச் சடங்குக்குத் திரியம்பாவாய், திரிபாவாய் என்று பெயர், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அது என்று மைக்கில் சொன்னேன். பின் சீட்டிலிருந்த கோவில்பட்டி அம்மா ஒருவர் உடனே மார்கழிப் பாட்டை எடுத்துவிட்டார். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் தாய்லாந்து கைடு மைக்கை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இதை எந்த ஏஜென்ட்டும் விற்க முடியாது. ஆனால் அந்த வழியாகப் பஸ்ஸை விடச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கடைசி இரவு விருது விழா. மும்பையிலிருந்து வந்திருந்த தொகுப்பாளர் நம் பெயர்களைக் கடித்துத் துப்பிவிடுவார் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு டீலரும் தன் கடையை எப்படிச் சொல்வார் என்று போனிலேயே கேட்டு எழுதி வைத்திருந்தேன். விருது வழங்கும் நேரத்தில் மட்டும் மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். ஊர்ப்பெயர், கடைப்பெயர், பிறகு கணவன் மனைவி இருவர் பெயரும். இறந்துபோன அம்மா பெயரில் கடை வைத்திருந்த ஒருவர், அந்தப் பெயரைக் குளிரூட்டிய அந்தப் பெரிய ஹாலில் கேட்டதும் மேடைக்கு வரும் வழியிலேயே நின்றுவிட்டார். மனைவி முழங்கையில் இடித்தபிறகுதான் நகர்ந்தார்.

இதற்கு நேர்மாறான டூரும் உண்டு. 2015 மே மாதத்தில் டியன்ஸ் என்ற சீனக் கம்பெனி தன் ஊழியர்கள் 6,400 பேரைப் பிரான்சுக்குக் கூட்டிப்போனது. நீஸ் நகரக் கடற்கரையில் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, வானத்திலிருந்து படிக்கும்படி ஒரு வாக்கியம் எழுதி கின்னஸ் சாதனை செய்தார்கள். அதை எங்கள் தொழிலில் வாய் பிளந்து பேசுவார்கள். நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எழுத்துகளில் ஏதோ ஒன்றின் வாலில் நின்ற ஆளைத்தான் நினைத்துக்கொள்வேன். முன்னால் நிற்கிறவரின் முதுகைத் தவிர அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? மேலேயிருந்து பார்த்தவருக்குத்தான் அது வாக்கியம்.

சுவர்ணபூமி வழியாகத் திரும்பும்போது, பாஸ்போர்ட் சோதனை தாண்டியதும் பாற்கடல் கடைகிற பெரிய சிற்பம் நின்றது. ஒருபக்கம் தேவர்கள், ஒருபக்கம் அசுரர்கள், நடுவில் வாசுகி. 60 ஜோடியும் அதன் முன்னால் நிற்காமல் விமானம் ஏற மாட்டார்கள் என்று தெரிந்து, கேட் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டேன்.

இப்போது பாங்காக் மலிந்துவிட்டது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னதிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன்களெல்லாம் சொந்தக் காசில் போய் வருகிறார்கள். டீலர்கள் பாகு, அல்மாட்டி, வியட்நாம் என்று கேட்கிறார்கள். வரியும் வந்துவிட்டது. 2022 ஜூலையிலிருந்து, வியாபாரத் தொடர்பில் கொடுக்கிற சலுகை வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம். பயணமும் அதில் சேரும், கூட வருகிற மனைவியின் செலவும் சேரும். டூரே வேண்டாம், பணமாகக் கழித்துக் கொடுங்கள் என்று ஆடிட்டர் சொல்லைக் கேட்டுச் சில அண்ணாச்சிமார் முரண்டு பிடித்தார்கள். தம்பதி டூர் அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மார்ச் கடைசி வாரத்தில் உடன்குடி அக்காவிடமிருந்து போன்.

“யம்மா, இந்த வாட்டி எந்த ஊரு?”

“இன்னும் முடிவாகலக்கா. அண்ணாச்சி டூர் வேணாங்கிறதா ஆபீசர் சொன்னாரே?”

“அவுக கெடக்காக. இன்னும் இருவது டன்னு பாக்கியாம், குடோன்ல எடமில்லைன்னு சாக்குச் சொல்லுதாக. நான் வீட்டு முன்னறைய ஒழிச்சுப் போட்டுட்டேன். நாளைக்கு லாரி வருது. பறக்க வசதி உள்ள ஊராப் பாத்துப் போடச் சொல்லு.”